இண்டியானாபோலிஸில் கார்னர்பேக் எங்கே?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் முப்பத்திரண்டின் பொது மேலாளர்களுக்கும், கல்லூரி ஆட்டக்காரர்களை மதிப்பிடும் ஸ்கவுட் துறைத் தலைவர்களுக்கும், அந்த ஆட்டக்காரர்களைச் சோதித்து அளக்கும் கம்பைன் முகாமை நடத்தும் லீக் நிர்வாகத்துக்கும்:

ரிசீவருக்கு வேலை ஒன்றுதான். எதிரே நின்று மறிக்கும் காவலரான கார்னர்பேக்கை உதறிவிட்டு, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் எதிர்பார்க்கும் நொடியில், எதிர்பார்க்கும் இடத்தில் போய் நிற்க வேண்டும். பந்து வந்தால் பிடிக்க வேண்டும். ஆண்டுதோறும் குளிர்காலக் கடைசியில் இண்டியானாபோலிஸின் லூகாஸ் ஆயில் அரங்கத்தில் நீங்கள் நடத்தும் கம்பைனில் அளவு நாடா இருக்கிறது, தராசு இருக்கிறது, ஒளிக்கதிர்க் கடிகாரம் இருக்கிறது, உள்ளங்கையின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குவரை குறித்துக்கொள்ள ஆளும் இருக்கிறார். அந்தக் கார்னர்பேக் மட்டும் இல்லை. இத்தனைக்கும் கார்னர்களும் அதே வாரம் அதே ஊருக்கு வருகிறார்கள். வேறொரு நாளில் அவர்களும் தனியாக ஓடிக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

ரிசீவர்கள் அங்கே செய்வது என்ன? 40 யார்டு ஓட்டம், நின்ற இடத்தில் உயரத் தாண்டல், நீளத் தாண்டல், 20 யார்டு ஷட்டில் (பக்கவாட்டில் போய்த் திரும்பும் ஓட்டம்), மூன்று கூம்பு ஓட்டம். பிறகு காண்ட்லெட்: மைதானத்தின் குறுக்கே ஒரே கோட்டில் ஓடியபடி, இரு பக்கமும் மாறி மாறி வரும் பந்துகளைப் பிடித்துப் பிடித்துக் கீழே போட வேண்டும். பிறகு காற்றை எதிர்த்து ரூட், அதாவது முன்பே வகுத்த பாதை, ஓடுவது. காற்று யாரையும் மார்பில் தள்ளுவதில்லை. 2020இல் இந்த ஓட்டங்களையெல்லாம் தொலைக்காட்சியின் இரவு நேரத்துக்கு மாற்றினீர்கள். நேரத்தை மாற்றத் தோன்றிய உங்களுக்கு, எதிரே ஓர் ஆளை நிறுத்தத் தோன்றவில்லை. இதைப் பேசாமல் விட முடியாததால்தான் இந்த மடல்.

பழைய கணக்கில் சிலவற்றை எடுப்போம். 2017 கம்பைனில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஸ் 40 யார்டை 4.22 வினாடியில் ஓடினார். அன்றைக்கு அது கம்பைன் சாதனை. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக, வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், சின்சினாட்டி அவரை 9ஆவது இடத்தில் எடுத்தது. முதல் ஆண்டில் அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. காயங்கள் அவரை வாட்டின என்பதும் உண்மை, அதைக் கடிகாரத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அதே டிராஃப்டில் ஈஸ்டர்ன் வாஷிங்டனின் கூப்பர் கப் 69ஆவது இடம்வரை காத்திருந்தார். அவர் ஓட்டம் 4.62. சின்னக் கல்லூரி, மெதுவான கால் என்றார்கள். கீழ்ப் பிரிவில் நான்கு ஆண்டுகளில் பிடித்த பந்துகள் 428, அவற்றால் அணி முன்னேறிய தூரம் 6,464 யார்டு என்று அவர் குவித்ததை அந்தச் ‘சின்ன’ என்ற சொல்லால் கழித்துவிட்டீர்கள். கழிப்பதற்கு முன், 2016இல் மேல் பிரிவைச் சேர்ந்த வாஷிங்டன் ஸ்டேட் அணிக்கு எதிராக அவர் எடுத்த 206 யார்டையாவது திரும்பப் பார்த்திருக்கலாம். 2021இல் பிடிப்பு, யார்டு, டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுசெல்வது) மூன்றிலும் லீக்கிலேயே முதலிடம், 145 பந்துகள், 1,947 யார்டு, அந்தப் பருவத்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலில் சிறந்த ஆட்டக்காரர்.

2009இல் ஓக்லண்ட் 7ஆவது இடத்தில் எடுத்த டேரியஸ் ஹேவர்ட் பே 4.30 ஓடியவர். முதல் ஆண்டில் பிடித்தது 9 பந்துகள். அவருக்குப் பின்னால் மைக்கேல் கிராப்ட்ரீ, ஜெரமி மக்ளின், பெர்சி ஹார்வின், ஹக்கீம் நிக்ஸ் எல்லோரும் முதல் சுற்றிலேயே இருந்தார்கள். 2003 இன்னும் வேடிக்கை. அரிசோனா 17ஆவது இடத்தில் பிரையன்ட் ஜான்சன் என்ற ரிசீவரை எடுத்துவிட்டு, 54ஆவது இடத்தில், கம்பைனில் 4.7 வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்ட அன்குவான் போல்டினையும் எடுத்தது. போல்டின் தன் முதல் ஆட்டத்திலேயே 217 யார்டு, அந்த ஆண்டில் 101 பந்துகள், 1,377 யார்டு. ஒரே அணி, ஒரே டிராஃப்ட், ஒரே அறையில் உட்கார்ந்த அதே ஆட்கள். சரியான ஆள் அவர்கள் பட்டியலில் இருந்தார், வரிசைதான் தலைகீழ்.

மெதுவாக ஓடுபவரெல்லாம் நல்ல ரிசீவர் என்று சொல்ல வரவில்லை. 2016இல் மினசோட்டா முதல் சுற்றில் எடுத்த லாக்வான் டிரெட்வெல்லும் வேகத்துக்குப் பெயர் போனவர் அல்லர், அவரும் தேறவில்லை. வேகம் தேவை. பின்னால் ஓடிவிடுவான் என்ற பயம் கார்னருக்கு இருந்தால்தான் அவர் தள்ளி நிற்பார், முன்னால் இடம் கிடைக்கும். எங்கள் குறை, வேகத்தை அளப்பதில் இல்லை. மற்ற எதையும் அதே கண்டிப்போடு அளக்காததில் இருக்கிறது.

ஒரே ஒரு ஸ்னாப்பை, அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்து முடியும் ஒரு முயற்சியை, அருகில் வைத்துப் பாருங்கள். இடப்பக்கம் வெளியே ரிசீவர். முகத்துக்கு எதிரே ஒரு யார்டில் கார்னர்; இப்படி ஒட்டி நின்று மறிப்பதுதான் பிரஸ். உள்பக்கத் தோளை மறைத்து அரை அடி உள்ளே தள்ளி நிற்கிறார். அதாவது உள்ளே விடமாட்டேன் என்கிறார். அழைத்திருக்கும் ரூட்டோ 15 யார்டு டிக்: நேரே ஓடி, 15இல் உள்பக்கம் சதுரமாகத் திரும்ப வேண்டும். போக வேண்டிய இடத்தைத்தான் அவர் பூட்டி வைத்திருக்கிறார். ஆகவே ரிசீவர் முதலில் வெளிப்பக்கம் போவதுபோல் நம்பவைக்க வேண்டும். இரண்டு குட்டி அடி வெளியே. கார்னரின் இடுப்பு வெளிப்பக்கம் திறக்கும்வரை தன் தோள் சாயக் கூடாது. சாய்ந்தால் அது பொய் என்று தெரிந்துவிடும். கார்னரின் கை மார்புக்கு நீளும். அதை மணிக்கட்டில் தட்டித் தாழ்த்திவிட்டு, அதே அசைவில் பின்காலை அவரைத் தாண்டி வைக்க வேண்டும். கை தட்டியது, கால் நகரவில்லை என்றால் பயனில்லை. கல்லூரிப் படங்களில் அடிக்கடி பார்க்கும் பிழை இது. கை வேலை அழகாக இருக்கும், ஆள் அங்கேயே நிற்பார்.

தாண்டியாயிற்று. இப்போது பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்காமல், கார்னருக்கு நேர் முன்னால் வந்து அவரைத் தன் முதுகுக்குப் பின்னே அடுக்கிக்கொள்ள வேண்டும். அடுக்காவிட்டால் எல்லைக்கோட்டுப் பக்கம் இடம் சுருங்கிக்கொண்டே போகும். பத்துப் பன்னிரண்டு யார்டுவரை, ஆழமாகப் போகும் பந்துக்கே ஓடுவதுபோல் தோள் தாழ்ந்தபடி ஓட வேண்டும். கார்னர் பதறித் தலை திருப்பி ஓடத் தொடங்கியதும், கடைசி மூன்று எட்டில் இடுப்பைத் தாழ்த்தி, வெளிக்காலை ஊன்றி, உள்ளே வெட்ட வேண்டும். இங்கே நிமிர்ந்தால் கதை முடிந்தது. நிமிர்ந்த தோள், இதோ நிற்கப்போகிறேன் என்று கார்னருக்குத் தந்தி அடிப்பது. வெட்டியபின் தட்டையாக வர வேண்டும். ஆழத்துக்கு நழுவினால் கார்னர் குறுக்கே கையை விட்டுப் பந்தை அடித்துவிடுவார். இவ்வளவும் மூன்று வினாடிக்குள், குவார்ட்டர்பேக்கின் கால் ஊன்றும் தாளத்தோடு.

இந்த ஸ்னாப்பில் 40 யார்டு ஓட்டம் சொல்வது எவ்வளவு? நடுப்பகுதியில் கார்னர் பதறுவாரா என்பதை மட்டும். அதையும் அரைகுறையாக. கம்பைனில் குனிந்து தரையில் விரல் ஊன்றித் தொடங்குகிறார்கள். ஆட்டத்தில் எந்த ரிசீவரும் அப்படி நிற்பதில்லை. கம்பைனில் தோள் கவசமும் தலைக்கவசமும் கிடையாது. மூன்று கூம்பு ஓட்டம் இடுப்பின் வளைவைக் கொஞ்சம் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அதுவும் முன்கூட்டியே மனப்பாடம் செய்த பாதை. 2019இல் டிகே மெட்காஃப் 4.33 ஓடினார், மூன்று கூம்பில் 7.38 எடுத்தார். மெதுவான காலுக்குப் பெயர்போன குவார்ட்டர்பேக் டாம் பிரேடியே 2000இல் 7.20 எடுத்தவர் என்று ஊரே சிரித்தது. மெட்காஃப் 64ஆவது இடம்வரை சரிந்தார். முதல் ஆண்டில் 900 யார்டு. எந்த ரூட்டை ஓட வல்லவர், எதை ஓட வைக்கக் கூடாது என்பது மிசிசிப்பி பல்கலைக்கழகப் படத்திலேயே இருந்தது. கூம்பு அதைச் சொல்லவில்லை.

படம் என்றோம். எங்களைப் போன்ற பார்வையாளர்களுக்குக் கல்லூரி ஆட்டத்தின் தொலைக்காட்சிப் படம்தான் கிடைக்கும். அது பந்தைத் துரத்தும் கேமரா. ஸ்னாப் ஆகி சில அடிகளில் ரிசீவர் திரையை விட்டு வெளியே போய்விடுவார், பந்து வந்தால்தான் திரும்பி வருவார். உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. 22 பேரும் தெரியும் பயிற்சியாளர் படம், பக்கவாட்டிலிருந்தும் கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்தும், உங்கள் கணினியில் கிடக்கிறது. பந்து வராத ரூட்டுகளில்தான் ரிசீவர் யார் என்று தெரியும். பந்து வந்தது, பிடித்தார் என்பதில் குவார்ட்டர்பேக்கின் முடிவும் கலந்திருக்கிறது. பந்து வரவில்லை, ஆனால் இரண்டு யார்டு விலகி நின்றார் என்பது முழுக்க அவருடையது.

அந்தப் படத்தையும் அப்படியே நம்ப முடியாது என்பதை உங்கள் ஸ்கவுட்டுகள் அறிவார்கள், ஆனால் அறிக்கைகளில் அதற்கான கழிவு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கல்லூரி மைதானமும் உங்கள் மைதானமும் 160 அடி அகலம்தான். ஒவ்வொரு முயற்சிக்கும் பந்தை வைக்கும் இடத்தை வரையறுக்கும் ஹேஷ் கோடுகள் வேறு. கல்லூரியில் அவற்றுக்கிடையே 40 அடி. உங்களிடம் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஹேஷில் இருந்தால் மறுபக்க எல்லைக்கோடுவரை 100 அடி விரிந்து கிடக்கும், இந்தப் பக்கம் 60 அடி. தொழில்முறை ஆட்டத்தில் அகலமான பக்கமே 90 அடிக்குக் கீழ்தான். அகலப் பக்கத்தில், வெளி ரிசீவருக்கு உள்ளே இருக்கும் ஸ்லாட் இடத்தில் நின்று, பாதுகாப்பு எட்டமுடியாத வெளியில் ஆண்டு முழுக்கப் பந்து பிடித்தவருக்கு, என்எஃப்எல் ஆடும் ஞாயிற்றுக்கிழமை அந்த வெளி இருக்காது. அவருடைய பந்துகளில் எத்தனை அகலப் பக்கத்தில், எத்தனை குறுகிய பக்கத்தில் என்று பிரித்துப் பார்க்காமல் யார்டைக் கூட்டுவது வீண்.

கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் பிடிப்பு செல்லும். உங்களிடம் இரண்டு கால். கோட்டோரத்தில் ஒரு காலை இழுத்துக்கொண்டு பழகிய கால், ஒரே மாதத்தில் மாறாது. கல்லூரிப் படத்தில் செல்லுபடியான ஒவ்வொரு கோட்டோரப் பிடிப்பையும் நிறுத்தி, இரண்டாவது கால் எங்கே இருந்தது என்று பார்த்துக் குறிக்கலாம். ஒரு ரிசீவருக்கு ஒரு மணி நேர வேலை.

தொடும் விதியும் வேறு. உங்கள் லீக்கில் ஐந்து யார்டுக்கு அப்பால் கார்னர் கை வைத்தால் தவறு. கல்லூரியில் பந்து காற்றில் எழும்வரை, எதிரே வரும் ரிசீவரைத் தடுக்க இன்னும் இடம் உண்டு. ஆகவே கல்லூரியில் 8, 10 யார்டில் இடித்தும் நிலைகுலையாமல் பாதையில் நின்றவர் உங்களிடம் வந்தால் இன்னும் எளிதாக ஓடுவார். இந்த ஒரு விதி ரிசீவருக்குச் சாதகமாகத் திரும்புகிறது. கழிவு மட்டும் போடாமல், இங்கே கூட்டலும் போடுங்கள்.

பிறகு அமைப்பு. பேலர் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் ரிசீவர்களை மைதானத்தில் எழுதிய எண்களுக்கு வெளியே, ஏறக்குறைய எல்லைக்கோட்டை ஒட்டி நிறுத்தியது. ஒவ்வொரு கார்னரும் தனித்தனித் தீவு; பின்னால் உதவிக்கு யாரும் எட்டமுடியாது. ரூட்டுகளும் கைவிரலில் அடங்கும். அங்கிருந்து 2016இல் கோரி கோல்மன் 15ஆவது இடத்தில் போனார். அந்த ஆண்டு முதல் சுற்றில் போன ரிசீவர்கள் நால்வர்: கோல்மன், வில் ஃபுல்லர், ஜோஷ் டாக்ட்சன், டிரெட்வெல். ஒருவர்கூடச் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுலுக்குப் போகவில்லை. 47ஆவது இடத்தில் நியூ ஆர்லியன்ஸ் எடுத்தவர் ஒஹாயோ ஸ்டேட்டின் மைக்கேல் தாமஸ். கல்லூரியில் எந்த ஆண்டும் 800 யார்டைத் தொடாதவர். 2014இல் 799, அடுத்த ஆண்டு 781. அந்த அணி பந்தோடு ஓடும் ஆட்டத்தை நம்பிய அணி, பந்துகள் பலருக்குப் பங்காகின. மொத்த யார்டு அவரைச் சிறிதாகக் காட்டியது. 2019இல் ஒரே பருவத்தில் 149 பந்துகள் பிடித்து லீக் சாதனை படைத்தார்.

மொத்தத்தைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது? ஓடிய ரூட்டுக்கு எத்தனை யார்டு என்று பாருங்கள். ஒருவர் 500 ரூட் ஓடி 1,000 யார்டு எடுத்தால் ரூட்டுக்கு 2. இன்னொருவர் 250 ரூட்டில் 750 எடுத்தால் ரூட்டுக்கு 3. மொத்தம் குறைவு, ஆள் பெரியவர். அணியின் மொத்தப் பாஸ் யார்டில் அவர் பங்கு எவ்வளவு என்பதையும் சேருங்கள், அதை எந்த வயதில் எடுத்தார் என்பதையும். 19 வயதில் அணியின் முதல் ரிசீவராக நின்றவரும் 23 வயதில் நின்றவரும் ஒன்றல்லர். கொரோனாவால் குலைந்த 2020 பருவத்துக்காகக் கூடுதல் ஆண்டு தந்தபின், கல்லூரியில் ஆறாவது ஆண்டு ஆடிய வாலிபர்கள் 18 வயதுக் கார்னரை உரசித் தள்ளிப் பிடித்த பந்துகள் நிறைய உண்டு. அந்தப் பந்துகளைப் பிறந்த தேதி பார்க்காமல் மதிப்பிட்டால், உடல் முதிர்ச்சியைத் திறமை என்று வாங்கிவிடுவீர்கள். இந்தக் கணக்குகளும் தனியாக நின்றால் ஏமாற்றும். முன்னால் தடுப்பு வைத்து மிக அருகில் எறியும் ஸ்கிரீன் பாஸ் நிறைய வாங்கும் ரிசீவருக்கு ரூட்டுக்கான யார்டு வீங்கியிருக்கும். ஸ்கிரீனைக் கழித்துவிட்டுப் போடுங்கள்.

2020ஐச் சொல்லாமல் விட முடியாது. 21ஆவது இடத்தில் பிலடெல்பியா ஜேலன் ரேகரை எடுத்தது. அடுத்த இடத்தில், 22இல், மினசோட்டா ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தது. ஜெஃபர்சன் ஸ்லாட் ஆள், வெளியே நின்று பிரஸ்ஸைச் சமாளிப்பாரா என்பது அன்றைய பேச்சு. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்எஸ்யூவில் 2019இல் 111 பந்துகள், 1,540 யார்டு எடுத்தபோது அவர் பெரும்பாலும் ஸ்லாட்டில் நின்றார், சரி. 2018இல்? வெளியேதான். அந்தப் படம் எங்கும் போய்விடவில்லை. ஒரு பருவத்தின் படத்தை மட்டும் பார்த்து ஓர் இடத்தில் ஆளைப் பொருத்திவிட்டால் இதுதான் நடக்கும். முதல் ஆண்டில் ஜெஃபர்சன் 1,400 யார்டு. இத்தனைக்கும் 40 யார்டில்கூட அவர் ரேகரைவிட முந்தியவர்: 4.43, ரேகர் 4.47. கடிகாரத்தையே நம்பியிருந்தாலும் விடை சரியாக வந்திருக்கும்.

கைகளைப் பற்றியும் கொஞ்சம். நழுவவிட்ட பந்துகளை எண்ணுவது எளிது, அதனால் அந்த எண்ணுக்கு அறிக்கையில் தகுதிக்கு மீறிய இடம் கிடைக்கிறது. அந்த விகிதம் ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்கு வெகுவாக மாறும். ஏன் நழுவியது என்பதே கேள்வி. பிடிக்கும் முன் அடுத்த அடியைப் பார்க்கத் தலையைத் திருப்பினாரா? அது பயிற்சியில் தீரும். தோளுக்கு மேல் வரும் பந்துக்குக் கை சீக்கிரமே நீண்டு கார்னருக்குக் காட்டிக்கொடுத்ததா? அதுவும் தீரும். கையில் பிடிக்க வேண்டிய பந்தையெல்லாம் மார்பில் அணைக்கிறாரா? இது தீர நாளாகும், சிலருக்குத் தீர்வதே இல்லை. பந்தைக் கண்டுபிடிப்பதே தாமதமா? அங்கே சிவப்புக் கோடு போடுங்கள்.

இதற்கு நேர் எதிரான மயக்கம், கார்னர் மேலே தொங்க, எம்பிப் பறிக்கும் பிடிப்பு. பார்க்க அழகு; சிறப்புக் காட்சித் தொகுப்புகளில் முதலில் வருவது அதுதான். ஆனால் ஒரு ரிசீவரின் படத்தில் அந்தப் பிடிப்பு திரும்பத் திரும்ப வந்தால், ஏன் ஒவ்வொரு முறையும் மேலே ஆள் இருக்கிறார் என்று கேளுங்கள். 2019இல் நியூ இங்கிலாந்து 32ஆவது இடத்தில் எடுத்த நிகீல் ஹாரி அப்படிப் பெயர் எடுத்தவர். அவருக்குப் பின்னால் 36இல் டீபோ சாமுவேல், 51இல் ஏ.ஜே. பிரவுன், 64இல் மெட்காஃப், 76இல் டெரி மெக்லாரின். பட்டியலை மெதுவாக இன்னொரு முறை படியுங்கள்.

கார்னரை நிறுத்தினால் காயம் படும், முகவர்கள் தங்கள் ஆளை அனுப்ப மாட்டார்கள் என்பீர்கள். பெரிய பெயர்கள் ஏற்கெனவே ஓடாமல் ஒதுங்குகிறார்கள்; 2024இல் மார்வின் ஹாரிசன் ஜூனியர் கம்பைனில் ஓடவே இல்லை, 4ஆவது இடத்தில் போனார். ஆக, வரமாட்டார்கள் என்ற பயம் இன்றைய முறையையும் காப்பாற்றவில்லை. அலபாமாவின் மொபைல் நகரில் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான சீனியர் பவுல் கண்காட்சி ஆட்டத்தின் பயிற்சியில் ரிசீவரும் கார்னரும் கவசம் அணிந்து ஒற்றைக்கு ஒற்றை மோதுகிறார்கள், யாரும் தடுக்கவில்லை. அந்தப் பயிற்சிக்கும் குறை உண்டு. குவார்ட்டர்பேக்கை விரட்ட ஆளில்லை, அவர் நான்கு வினாடிகூடப் பந்தை வைத்துக்கொள்வார். ரிசீவருக்கு உள்ளே வெளியே என்று முழு மைதானமும் திறந்திருக்கும், பின்னால் காவல் நிற்கும் சேஃப்டி இல்லை. இரண்டு மூன்று முறை ஆடி ஏமாற்றி ஐந்தாவது வினாடியில் விலகும் ரிசீவரைப் பார்த்துக் கூட்டம் கைதட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார்.

கேட்பவை இவை.

லீக் நிர்வாகத்திடம்: கம்பைனில் ரிசீவரையும் கார்னரையும் ஒரே நாளில் ஒரே களத்தில் நிறுத்துங்கள். பந்து வேண்டாம், ஆளை விழுத்துவது வேண்டாம். ஐந்து யார்டு நீளம், நான்கு யார்டு அகலத்துக்கு ஒரு பெட்டி வரையுங்கள். கார்னர் ஒரு யார்டில். ஆளுக்கு நான்கு ஸ்னாப்: இரண்டில் கார்னர் உள்பக்கம் மறைத்து, இரண்டில் வெளிப்பக்கம் மறைத்து. பெட்டியைத் தாண்ட ரிசீவருக்கு எத்தனை வினாடி ஆயிற்று, தாண்டும்போது கார்னர் பக்கத்தில் இருந்தாரா பின்னாலா என்று பதியுங்கள். உங்கள் லீக் ஆட்டங்களில் தோள் கவசத்துக்குள் பொருத்தும் சில்லு இதை எளிதாக அளக்கும். ஆட்டக்காரர் மறுத்தால், மறுத்தார் என்றே தாளில் இருக்கட்டும். முழு ரூட்டும் ஓடவிட முடிந்தால் 2.5 வினாடியில் விசில் ஊதுங்கள். அதற்குப் பின் நடப்பது கணக்கில் வேண்டாம்.

கோட்டோரப் பிடிப்புக்கு எண்ணோடு மதிப்பெண் கொடுங்கள்: வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று, பிடிக்கும் நொடியில் ஒருவர் பஞ்சு மூட்டையால் தோளில் இடிக்க வேண்டும். இரண்டு கால் உள்ளே பட்டதா, இல்லையா.

40 யார்டு நேரத்தை வெளியிடும்போது முதல் 10 யார்டின் நேரத்தையும் அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். ரிசீவரின் வாழ்க்கை பெரும்பாலும் அந்தப் பத்தில்தான். தொடக்கத்தை இன்னும் ஒருவர் கையால் அழுத்தி இயக்குவதை விட்டுவிட்டு அதையும் கருவிக்குக் கொடுங்கள். கல்லூரி வளாகங்களில் நடக்கும் ப்ரோ டே நேரங்கள் கைக்கடிகார நேரங்கள், பொதுவாகக் குறைவாகவே வரும். கம்பைன் நேரத்தோடு அவற்றை ஒரே வரிசையில் போடாமல் தனிப் பத்தியில் போடுங்கள்.

பொது மேலாளர்களிடம்: ஒவ்வொரு கல்லூரி ரிசீவருக்கும் குறைந்தது எட்டு ஆட்டங்களின் பயிற்சியாளர் படத்தில், பந்து வந்ததோ இல்லையோ எல்லா ரூட்டையும் எண்ணச் சொல்லுங்கள். எதிரே பிரஸ்ஸா, தள்ளி நின்ற கார்னரா, ஆளை விட்டு இடத்தைக் காக்கும் ஸோனா, ரூட் எது, பந்து வர வேண்டிய நொடியில் விலகியிருந்தாரா. பிரஸ்ஸுக்கு எதிராக 30 ரூட்டுகூட ஓடாதவர் என்றால், அவரைப் பற்றி உங்களுக்கு இன்னும் தெரியாது என்று அறிக்கையின் முதல் வரியில் எழுதுங்கள். முந்தைய பருவத்தின் படத்துக்குப் போங்கள். இந்த வேலையை ரிசீவர் பயிற்சியாளரிடம் மட்டும் விடாதீர்கள். அவர் கண்ணுக்கு எல்லாக் கல்லும் சிலையாகத் தெரியும். உங்கள் கார்னர் பயிற்சியாளரிடம் அதே படத்தைக் கொடுத்து, இவரை எப்படிப் பூட்டுவீர்கள் என்று கேளுங்கள். பதில் பத்து வினாடியில் வந்தால் முதல் சுற்றை மறந்துவிடுங்கள்.

ஐந்தாம் சுற்றிலும் அதற்குக் கீழேயும் எடுப்பவருக்கு வேறு கேள்வி: கிக்கைத் துரத்தி ஓடுவாரா, ஓட்ட ஆட்டத்தில் தடுப்பாரா? ஐந்தாவது ரிசீவராக அணியில் தங்க அதுதான் வழி. ஆனால் அதே ஐந்தாம் சுற்றில், 177ஆவது இடத்தில், 2023இல் புக்கா நகூவா இருந்தார் என்பதையும் 105 பந்துகள், 1,486 யார்டு என்ற அவரது முதல் ஆண்டையும் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆண்டு முழுக்கக் கல்லூரி கல்லூரியாக அலைந்து பகுதி ஸ்கவுட் எழுதும் அறிக்கை, மார்ச்சில் ஒரு கடிகாரத்துக்கு அடங்கிப்போகக் கூடாது. படத்திலிருந்து வந்த மதிப்பெண்ணை இண்டியானாபோலிஸுக்குக் கிளம்பும் முன் பூட்டிவிடுங்கள். அதன்பின் யார் அதை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும், பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் புது எண்ணை எழுதி, எந்த ஆட்டம், எந்தக் கால் பகுதி, எத்தனையாவது ஸ்னாப்பைப் பார்த்து மாற்றினார் என்றும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
ஞாயிறு இரவுகளில் விழித்திருந்து பந்து வராத ரூட்டுகளையும் எண்ணும் தமிழ் ரசிகர்கள்